உறுதி யார் பெயரில், முடிவு யார் கையில்

அண்மையில் பரிசு பெற்ற, சாதனைப் பெண்களின் வாழ்க்கைச் சித்திரங்களைத் தொகுத்துத் தரும் நூலொன்று, வணிகத்திலிருந்து அரசியலுக்கு வந்த பெண்களைப் பற்றிய அத்தியாயத்தைக் கணவனின் மரணத்தோடு தொடங்கிச் சொத்து மதிப்போடு முடித்திருக்கிறது. இடையில் அத்தியாயத்தின் நாயகி எந்தக் கணக்கைத் திருத்தினார், சபையில் எதை எதிர்த்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பரிசுக் குழுவின் பாராட்டுரையோ ஒருபடி மேலே போய், இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் இத்தகைய பெண்களுக்கு முன்வரலாறே கிடையாது என்று அறிவித்திருக்கிறது. பரிசு யாருக்குப் போனால் என்ன என்று விட்டுவிடலாம். இந்தக் கூற்றை அப்படி விட முடியாது.

அத்தியாயத்தின் நாயகியான சாவித்திரி ஜிண்டாலின் வாழ்க்கை உண்மையில் அலசத்தக்கது. உருக்கு வணிகரும் ஹரியானா மாநிலத்தின் மின்துறை அமைச்சருமான ஓ.பி. ஜிண்டால் 2005 மார்ச் 31இல் ஹெலிகொப்டர் விபத்தில் மாண்டபின், கல்லூரி வாசலை மிதித்திராத அவருடைய மனைவி குழுமத்தின் தலைவியாகவும், அதே ஆண்டு இடைத்தேர்தலில் ஹிசார் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும், பின்னர் மாநில அமைச்சராகவும் ஆனார். ஆனால் ஆலைகளை நான்கு பாகங்களாகப் பிரித்து நடத்துபவர்கள் அவருடைய நான்கு புதல்வர்கள். ஃபோர்ப்ஸ் பட்டியல் இந்தியாவின் முதற் பணக்காரப் பெண்மணி என்று அவரைக் குறிப்பிடுவது, குடும்பத்தின் சொத்தை அவர் பெயரில் எழுதிப் பார்ப்பதனால்தான். 2014இல் தோற்ற அவர், தாம் புதிதாகச் சேர்ந்த கட்சி 2024இல் வேட்பாளர் இடத்தைத் தர மறுத்தபோது, 74 வயதில் சுயேச்சையாக நின்று அக்கட்சியின் அமைச்சரையே தோற்கடித்தார். பங்குப் பத்திரத்தில் பெயர் இருப்பது வேறு, இந்தத் தேர்தலில் நிற்பது என்று தீர்மானித்தது வேறு. வாழ்க்கை வரலாற்றாசிரியர் தோண்டியிருக்க வேண்டிய இடம் இதுவே. நூலில் இது அரைப் பந்தியில் கடந்து போகிறது.

உடைமைக்கும் ஆளுகைக்கும் இடையிலுள்ள இந்தப் பிளவை இக்கரையோரத்தாருக்கு எவரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பாண்டிருப்பிலும் சரி, அதை அடுத்த மருதமுனையிலும் கல்முனையிலும் சரி, வீடு மகளுக்கு. மணமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். வயற்காணியும் பெரும்பாலும் பெண்வழியாகவே இறங்கும். காணி உறுதியில், அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரத்தில், பெண்ணின் பெயரே இருக்கும். 1876இல் பிரிட்டோ எழுதிய, முக்குவர் சமூகத்தின் சட்டம் பற்றிய நூலிலிருந்து மானிடவியலாளர் மக்கில்வ்ரேயின் அக்கரைப்பற்று ஆய்வுவரை எழுதப்பட்ட சங்கதி இது. முஸ்லிம் ஊர்களில் குடி எனப்படும் வம்சப் பிரிவு தாய்வழியாகக் கடத்தப்படுகிறது. ஆனால் அக்குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் மரைக்காயர் ஆண். மருதமுனைத் தறி வீடுகளில் ராட்டையில் நூல் சுற்றுபவளும், எத்தனை சாரத்துக்கு எவ்வளவு நூல் போனது என்று பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியில் குறித்து வைப்பவளும் பெண்ணே; மொத்த வியாபாரி வாசலுக்கு வந்து விலை பேசும்போது மட்டும் கொப்பி உள்ளறையில் இருக்கும், பேச்சு ஆணிடம் நடக்கும். முன்வரலாறு இல்லை என்றவர்கள் தேடியது சிலையை. கொப்பியை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

இங்கே எனது பழைய பித்தொன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியவில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் வனவாசத்தையும் தீமிதிப்பையும் காண்போருள் எத்தனை பேர் வனபருவத்தில் திரௌபதிக்கும் சத்தியபாமைக்கும் நடக்கும் உரையாடலை நினைவில் வைத்திருக்கிறார்கள்? பாண்டவரின் கருவூலத்து வரவு செலவு முழுவதையும் தான் ஒருத்தியே அறிந்திருந்ததாக அங்கே அவள் சொல்கிறாள். சூதுச் சபையில், தன்னைத் தோற்றவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவள் எழுப்பிய வினாவைக் கற்பின் சீற்றமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோர், அதனை உடைமை பற்றிய சட்ட வினாவாக, அதுவும் கணக்கறிந்தவளின் வினாவாக, வாசிக்கத் தவறுகின்றனர். பீஷ்மரே விடை சொல்லத் திணறிய வினா அது. சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்திலும், ஷாம் நாட்டுக்கு வணிகக் குழுவை அனுப்பும் கதீஜா நாயகி முதலில் முதலாளியாகவே நபிகளாரின் வாழ்வில் வருகிறார், மணம் அதற்குப் பின்னர்தான். உமறுப் புலவருக்குத் தெரிந்த வரிசைமுறை இன்றைய தொகுப்பாசிரியர்களுக்குத் தெரியாமற் போயிற்று.

இக்கரையோரத்தின் அண்மைக்கால உதாரணத்தை அந்நூல் தொடவேயில்லை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் 2000 செப்டம்பர் 16இல், அதுவும் ஹெலிகொப்டர் விபத்தில், மறைந்தபின் அவருடைய மனைவி பேரியல் அஷ்ரஃப் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று அமைச்சரானார். அவர் வணிகர் அல்லர். எனினும் பின்னர் அவர் வகித்த வீடமைப்பு அமைச்சர் பதவி பெரும் கணக்கொன்றை ஆள்வது. சுனாமிக்குப் பின் சவூதி நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், பகிர்வு பற்றிய வழக்கினால் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அத்திட்டத்தில் அவர் எதைத் தீர்மானித்தார், எது அவர் கையை மீறியது என்று ஆராய்ந்த நூல் ஒன்றேனும் வந்திருந்தால் அவரைப் போற்றுவதற்கும் குறைகூறுவதற்கும் ஆதாரம் இருந்திருக்கும். கிடைப்பவையெல்லாம் இரங்கல் மலர்களும் வாழ்த்து மலர்களுமே.

தமிழில் வாழ்க்கை வரலாறு என்பது பெரும்பாலும் துதியாகவே எழுதப்படுகிறது. அமைப்பியல், அடித்தள மக்கள் ஆய்வு என்று கால் நூற்றாண்டு பேசியவர்களும் பெண்ணின் வரலாறு என்றதும் கண்ணீரையே சான்றாகக் கொள்கின்றனர். மாறாக, இந்தியாவின் அனு ஆகாவை எடுத்துக்கொள்ளலாம். 1996இல் கணவர் இறந்ததும் தெர்மாக்ஸ் கம்பனியின் தலைவியான அவர், 400 ரூபா அளவிலிருந்த பங்கின் விலை 36 ரூபாவரை சரிந்தபோது வெளி ஆலோசகர்களை அழைத்து, இயக்குநர் சபையை மாற்றியமைத்து, குடும்பத்தினரையும் நிறைவேற்றுப் பதவிகளிலிருந்து விலகச் செய்தார். 2012இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றது அதன் பிறகு. விதவைக் கோலம் ஜிண்டால், ஆகா இருவர் கதையிலும் ஒன்றுதான், கணக்கு வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத நூலுக்குப் பரிசு எதற்கு?

இக்குறை நூல்களோடு நிற்கவில்லை. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கும் 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முதன்முதலாக 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அம்மன்றங்களில் பெண்கள் இரண்டு வீதமளவிலேயே இருந்தனர். அவ்வாறு இக்கரையோர மன்றங்களில் நுழைந்தவர்களுள் எவரேனும் வரவு செலவுத் திட்டத்தின் மீது என்ன பேசினார் என்பது கண்ணிற்பட்ட எந்த இதழிலும் வரவில்லை. கூட்ட அறிக்கைகளைப் பார்வையிட வாய்ப்புள்ள வாசகர்கள் அப்பேச்சுகளைப் படியெடுத்து அனுப்பினால், நீளம் பாராமல் அடுத்த இதழில் வெளியிடப்படும்.