ஆழிக்குமரனுக்குப் புகழ்மாலை; தோட்டத்துப் பிள்ளைக்குத் தடைவேலியா?

1954-ஆம் ஆண்டில் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971-இல் வல்வெட்டித்துறை ஈன்ற வழக்கறிஞர் குமார் ஆனந்தன் அதே நீரிணையை நீந்திக் கடந்து, மீண்டும் நீந்தியே தாயகம் திரும்பினார். அலையோடு அவர் போராடிய நேரம் ஏறத்தாழ 51 மணி. கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்ற அவ்வீரர், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை வெல்ல முயன்றபோது உயிர் நீத்தார். "ஆழிக்குமரன்" என்று தமிழினம் அவரைப் போற்றுகிறது. போற்றுவது கடமை. ஆனால், போற்றுவதோடு கடமை முடிந்துவிட்டதா?

"கடற்கரையான் கதை மலைநாட்டானுக்கு எதற்கு?" என்று பதுளையிலே சிலர் கேட்கக்கூடும். எதற்கென்று சொல்கிறோம். அவ்வீரர் இருவரும் அண்டை ஊரினர். இது தற்செயலன்று. அவர்கள் வாசலில் கடல் இருந்தது. அதில் இறங்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சியும் துணிவும் அந்த உரிமையின் மேல் எழுந்தவை.

ஊவாவின் லயத்துப் பிள்ளைக்குத் துணிவு குறைவா? செங்குத்து மலையிற் கொழுந்துக்கூடை சுமந்த தாயின் பிள்ளை அது! பதுளை ஓயா காலடியில் ஓடுகிறது. துன்ஹிந்தை அருகிலேயே இரைகிறது. ஆயினும், "தண்ணீரில் இறங்காதே" என்பதே அதற்குக் கிடைக்கும் ஒரே நீச்சற் பாடம். ஏன்? நிலம் அரசினது, 1992 முதல் நிருவாகம் கம்பெனிகளினது, உழைப்பு மட்டுமே நம்மவரது.

சட்டம் செய்த கொடுமையையும் மறவோம். 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. அந்தக் கறை துடைக்கப்பட 2003 வரை காத்திருந்தோம். 1987-இன் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டத்துக்குள் சபைப் பணம் நுழையத் தடையாய் நின்றது. 2018-இல் அதுவும் திருத்தப்பட்டது. இனி என்ன சாக்கு? பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைச் சபைகளில் வாக்குப் பெற்று அமர்ந்திருப்போரைக் கேட்கிறோம்: திருத்திய சட்டத்தைப் பேழையில் வைத்துப் பூசிக்கவா பெற்றோம்?

"வீடே இல்லாதவனுக்கு நீச்சல் தடாகமா?" என்பர் சிலர். வீடு கேட்டால் காணியில்லை என்பதும், தடாகம் கேட்டால் வீடே முதலில் என்பதும் அவர்களே! 2014-இல் மீரியபெத்தை மண்ணில் புதைந்தபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது? காணியும் வீடும் முதற்கோரிக்கை. அதில் அணுவளவும் விட்டுக்கொடோம். ஆனால், தோட்டத்து மகன் கொழுந்து சுமக்கும் தோள் மட்டுமல்லன். தோட்டத்து மகள் பறிக்கும் விரல் மட்டுமல்லள்.

எனவே கேட்கிறோம்: சபைதோறும் தோட்டப்புறத்திலே ஒரு விளையாட்டுத் திடல், ஒரு தடாகம், சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், ஆண் பெண் இருபாலார்க்கும் கட்டணமின்றி. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கும் தொகை எவ்வளவு? தலைவர்களின் விடை இலக்கத்தில் வரட்டும். வாழ்த்துரையில் வேண்டாம்.