புறக்கடை இல்லாத நகரில் ஒரு கொட்டில்

புணேயின் சனிவார் வாடா 1732இல் பேஷ்வா குடிபுகுந்த மாளிகை. தங்கர் இடையர்கள் தம் செம்மறிகளை இரவில் அடைக்கும் பட்டிக்கும் மராத்தியில் ‘வாடா’ என்றே பெயர். தமிழில் ‘பட்டி’ ஆடுமாடு அடைக்கும் இடத்தையும் குறிக்கும், ஊரையும் குறிக்கும். விலங்கின் உறைவிடமும் மனிதரின் உறைவிடமும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வதை இவ்விரு மொழிகளும் இழிவாகக் கருதியதில்லை. நகராட்சியின் மொழிதான் அப்படிக் கருதுகிறது.

விமான் நகரை எடுத்துக்கொள்ளலாம். வட்காவ் சேரிக்கும் லோஹகாவுக்கும் இடையில், விமான நிலையத்தை ஒட்டி எழுந்த பகுதி அது. அடுக்ககங்கள், மென்பொருள் அலுவலகங்கள், மாணவர் விடுதிகள், பேரங்காடி என்று எல்லாம் அங்கே உண்டு. வீட்டுக்குப் பின்புறம் என்ற ஒன்று மட்டும் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. கால்நடைத் துறையின் தமிழில் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்றும், மராத்தியில் ‘பரஸ்’ என்னும் கொல்லைப்புறச் சொல்லைக் கொண்டும் குறிக்கப்படும் தொழில், பின்வாசல் உள்ள வீட்டை முன்னிபந்தனையாகக் கொண்டது. (புறக்கடை, புழைக்கடை, புழக்கடை ஆகிய மூன்று வடிவங்களிலும் ‘கடை’ என்பது வாயில், வாங்கி விற்கும் கடை அன்று.) அந்த வாயில் மூடப்பட்ட பின்னும் சொல் மட்டும் அரசாணைகளில் உயிரோடிருக்கிறது.

சிக்கல் சொல்லோடு நின்றிருந்தால் மொழியியலாளர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஏழைக் குடும்பங்களின் ஆட்டுக்கொட்டிலையும் கோழிக்கூட்டையும் உருவாக்கத்தக்க சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதனோடு இணைத்து மகாராஷ்டிர அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த சரத் பவார் கிராம வளத் திட்டம், 10 ஆடுகளுக்கான கொட்டிலுக்கும் 100 கோழிகளுக்கான கூட்டுக்கும் தலா ஏறத்தாழ 49 ஆயிரம் ரூபாய் ஒதுக்கியது. இவை யாவும் ஊரகத்துக்கு மட்டும். லோஹகாவின் எஞ்சிய பகுதி உட்பட 11 கிராமங்கள் 2017 அக்டோபரில் புணே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 2021இல் மேலும் 23 கிராமங்கள் சேர்ந்தன. ஓர் அறிவிக்கை வெளியான மறுநாள் ஆடும் அதே ஆடு, முற்றமும் அதே முற்றம். ஆனால் கொட்டில் மட்டும் ‘சொத்து’ என்ற வகையிலிருந்து ‘தொல்லை’ என்ற வகைக்கு மாறிவிடுகிறது. இணைப்பு பற்றிய விவாதங்களில் குடிநீரும் சாலையும் சொத்துவரியும் பேசப்படும் அளவுக்கு இந்த இழப்பு பேசப்படுவதில்லை. பெரும்பாலும் பெண்களின் கைச்செலவு சார்ந்தது என்பதால் அது இழப்பாகவே கணக்கிடப்படுவதில்லை போலும்.

நாற்றமும் நோயும் இதற்கு எதிராகச் சொல்லப்படுவன. இரண்டும் பொய்யல்ல, ஆனால் இரண்டும் பெருமளவு கட்டுமானம் சார்ந்தவை. ஆடு குளிரைப் பொறுக்கும், ஈரத்தைப் பொறுக்காது. சிறுநீர் தேங்கும் தரையிலிருந்து எழும் அம்மோனியாதான் அண்டை வீட்டாரின் மூக்கையும் ஆட்டின் நுரையீரலையும் ஒருங்கே தாக்குகிறது. தமிழ்நாட்டில் பரவியுள்ள பரண்மேல் ஆடு வளர்ப்பு முறையில், இடைவெளி விட்டு அடித்த பலகைத் தளம் தரைக்குச் சில அடி மேலே நிற்கும். புழுக்கை கீழே விழும், மேலே தளம் உலர்ந்திருக்கும். கொட்டிலின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் கோடை வெயில் பக்கவாட்டில் உள்ளே நுழையாது. புணேயின் தென்மேற்குப் பருவமழைச் சாரலும் பெரும்பாலும் குறுகிய பக்கத்திலேயே மோதும். வளர்ந்த ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி போதும். கோழி இரவில் உட்காரக் குறுக்குக் கம்பு, கீரியும் பூனையும் நுழையாத வலை, காலையில் திறந்துவிடும் ஒரு கை ஆகியவை அதன் தேவைகள். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைக்கலாம். ஆனால் நடுவில் தடுப்பு கட்டாயம். கோழி ஆட்டின் தீவனத் தொட்டியில் எச்சமிடும். ஆடு கோழித் தீவனத்தைக் கண்டால் அளவில்லாமல் தின்று வயிற்றில் அமிலம் மிகுந்து விழும். பஞ்சாரத்தையும் குடாப்பையும் தனித்தனிச் சொற்களாக வைத்திருந்த சிற்றூர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதன்று.

நோயைப் பொறுத்தவரை, 2006 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் பறவைக்காய்ச்சல் இதே மாநிலத்தின் நவாபூரில், வணிகப் பண்ணைகள் நெருங்கிக் கிடந்த இடத்தில் வெளிப்பட்டது. பின்னர் ஜல்காவ் பகுதியில் வீட்டுக் கோழிகளிலும் கண்டறியப்பட்டது. ஆகவே சிறியது என்பதாலேயே பாதுகாப்பானது என்று வாதிட முடியாது. தடுப்பூசியும் கண்காணிப்பும் இரண்டுக்கும் வேண்டும். ஆனால் மறைத்து வளர்க்கப்படும் கோழிக்குத் தடுப்பூசி போட யாரும் வருவதில்லை. தடை அச்சத்தைக் குறைப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் நோயைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிறது.

விமான நிலையத்தின் அருகில் என்பது கனமான மறுப்பு. 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 91ஆம் விதி, நிலையத்தைச் சுற்றிப் 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை அறுப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடுத்தது. அதன் இலக்கு இறைச்சிக் கழிவும் குப்பையும். நான்கு ஆடுகள் நிற்கும் உலர்ந்த பரணைவிட, திறந்து கிடக்கும் உணவகக் குப்பைத்தொட்டியே பருந்தைக் கூடுதலாக அழைக்கும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

மாநகராட்சி செய்யவேண்டியது பெரிதன்று. இணைக்கப்பட்ட கிராமங்களில் உள்ள கொட்டில்களைக் கணக்கெடுத்து, எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பும், மூடிய எருக்குழியும், கட்டாயத் தடுப்பூசியும் நிபந்தனையாக்கி அனுமதிச் சீட்டு வழங்கலாம். வீட்டுக்குள்ளேயே அறுப்பதற்குத் தடை தொடரட்டும். எருவுக்கு வாங்குவோரைத் தேட வேண்டியதில்லை. விமான் நகரின் அடுக்ககங்கள் தங்கள் மாடித் தோட்டங்களுக்கு அதைத்தான் மூட்டை கட்டிய உரமாக விலைகொடுத்து வாங்குகின்றன.