பிடி என்னும் ஒரு சொல்



ஒரு விருந்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தட்டிலிருந்த இடியப்பத்தைக் காட்டி, “நான் இதைப் பிடிக்கிறேன்” என்றாள். கூடியிருந்த பெரியோர் சிரித்துவிட்டனர். அதன் பின்னர் அன்றிரவு முழுவதும் அவள் ஜேர்மன் மொழியில் மட்டுமே பேசினாள். பிழை யாருடையது?

‘பிடி’ என்றால் ஆங்கிலத்தில் ‘காட்ச்’ என்று சொற்பட்டியலில் ஒற்றைப் பொருள் எழுதிக் கொடுப்பது எம் வழக்கம். கையில் அகப்படும் பந்துக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு வினைச்சொல் கையோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலேயர் பந்தை மட்டுமன்றித் தொடருந்தையும் நோயையும் அச்சொல்லாலேயே பிடிப்பர். நாமும் மீன் பிடிக்கிறோம். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். பிள்ளை அடம் பிடிக்கிறது. இரும்பில் துருப் பிடிக்கிறது. எனினும் இரு மொழிகளும் எங்கும் ஒத்துப் போவதில்லை. ஆங்கிலத்தில் மனிதன் தடிமனைப் பிடிக்கிறான். தமிழில் தடிமன் மனிதனைப் பிடிக்கிறது!

விருப்பத்தைக் கூறும்போது வேறுபாடு இன்னும் நுட்பமானது. தமிழில் விரும்புபவர் ‘நான்’ என்று முன்னே நிற்பதில்லை. ‘கு’ உருபேற்று ‘எனக்கு’ என்றாகிறார். அச்சிறுமி ‘இஹ் மாக்’ என்னும் ஜேர்மன் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினாள். ஆனால் அதே ஜேர்மன் மொழியில் ‘மீர் கெஃபெல்ட்’ என்றும் ஒரு தொடர் உண்டு. ‘மீர்’ என்பது ‘எனக்கு’ என்பதே. அதனை நினைவூட்டியிருந்தால், ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது அவள் வாயில் தானே வந்திருக்கும். சிரிப்பதற்குப் பதிலாக அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட நாம் தவறிவிட்டோம்.

எம் நகரின் தொங்கு தொடருந்தில் பயணம் செய்யும்போது பிள்ளைகள் பற்றிக்கொள்ளும் பிடியை ஜேர்மானியர் ‘கிரிஃப்’ என்பர். விளங்கிக்கொள்வதை ‘பெக்ரைஃபன்’ என்பர். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. தமிழிலும் விளங்காத கணக்கு ‘பிடிபடவில்லை’. காதில் விழாத பேச்சை ஆங்கிலேயர் ‘காட்ச்’ செய்யவில்லை என்பர். அறிவுக்கும் கை உண்டு என்பதை மூன்று மொழியினரும் உணர்ந்திருக்கின்றனர்.

இன்னுமொன்று, மாணவர்களே! பெண் யானைக்கும் தமிழில் பிடி என்றே பெயர். தொல்காப்பியத்தின் மரபியலிலும் இச்சொல் உண்டு. 1901 முதல் ஓடும் எமது தொங்கு தொடருந்தில் 1950 ஜூலை 21 அன்று, சர்க்கஸ் விளம்பரத்துக்காக டுஃபி என்னும் இளம் பிடி ஏற்றப்பட்டது. அது மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு வுப்பர் ஆற்றில் குதித்தது. சிறு காயங்களோடு உயிர் தப்பியது. அது விழுந்த காட்சியை எவரும் படம் பிடிக்கவில்லை. அஞ்சலட்டையில் காணும் படம் ஒட்டிச் செய்யப்பட்டதே. இக்கதையைத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். ‘பிடி’யின் எத்தனை பொருள்கள் வந்து சேர்கின்றன என்று எண்ணுங்கள்.

ஆகவே, தமிழ்ப் பாடசாலைகளில் சொற்பட்டியலை மனனம் செய்விப்பதைக் குறைத்து, வாரம் ஒரு வினைச்சொல்லைப் பத்து வாக்கியங்களிற் பழக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ‘எடு’, ‘விடு’, ‘போடு’, ‘விழு’ போன்ற எளிய சொற்களே இதற்குப் போதும். வீட்டில் பெற்றோர் அதே சொல்லை அவ்வாரம் முழுவதும் பேச்சில் புழங்க வேண்டும். பிள்ளை பிழைவிட்டால் சிரிக்காது, சரியான வாக்கியத்தைத் தாமே ஒருமுறை இயல்பாகச் சொல்லிவிட்டால் போதும்.

மொழிப்பற்று என்று மேடைகளில் முழங்குகிறோம். பற்று என்பதும் பிடித்தலே. பிள்ளைக்குத் தமிழ் பிடிபட்டால் தமிழ் பிடிக்கும். பிடித்தால் அதன் கையை அவள் விடமாட்டாள்.