400 டொலரும் பழைய கணக்கும்

போன சனிக்கிழமை அல்பியன் ரோட்டில மரக்கறி வாங்கப் போன இடத்தில ஒரு வங்கிக்காரர் மேசை போட்டிருந்திச்சினம். புதுக் கணக்குத் திறந்தால் 400 டொலர். மேசைக்குப் பின்னால நிண்டவன் எங்கட பெடியன். "அங்கிள், பத்து நிமிச அலுவல்தான்" எண்டான். கூட வந்த சிநேகிதர் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், "உதுக்குள்ள மாட்டுப்படாதை. வங்கி மாத்தினால் கிரெடிட் பழுதாப்போகும்" எண்டு காதுக்குள்ள சொன்னார்.

உந்தக் கதையை நான் ரெக்ஸ்டேலுக்கு வந்த நாளில இருந்து கேக்கிறன். பாதி பிழை. மற்றப் பாதி சரி, ஆனா சனம் சொல்லுற காரணத்துக்காக இல்லை. ஆளுக்காள் விளங்கப்படுத்திக் களைச்சுப்போனன், அதுதான் எழுதிப்போடுறன்.

கனடாவில எங்கட கடன் வரலாற்றை எழுதி வைக்கிற பெரிய ஆக்கள் ரெண்டு பேர்: எக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன். 300இல இருந்து 900 வரைக்கும் ஒரு புள்ளி போடுவினம். அவைக்கு வேண்டியது நீங்கள் வாங்கின கடனும் அதை எப்பிடிக் கட்டினீங்கள் எண்டதும்தான். கிரெடிட் கார்ட், கார் லோன், செல்ஃபோன் பில். சாதாரண செக்கிங் கணக்கில 5 டொலர் கிடந்தாலும் 50,000 டொலர் கிடந்தாலும் அது புள்ளியில ஏறாது. 20 வருஷமா ஒரு மாதமும் தவறாமல் சீட்டுக் கட்டின மனிசர் எங்கட கட்டிடத்திலயே இருக்கினம். ஊர் முழுக்க அவையை நம்பும். எக்விஃபாக்ஸுக்கு அவையைத் தெரியாது.

எண்டபடியால் ஒரு செக்கிங் கணக்கை மூடி இன்னொண்டு திறந்தால் அதால மட்டும் ஒண்டும் குறையாது. திறக்கேக்கை வங்கி உங்கட கோப்பை எட்டிப் பார்க்கலாம். அது பெரும்பாலும் புள்ளியைத் தொடாத பார்வை. இன்னொரு சங்கதியும் எங்கட ஆக்களுக்குத் தெரியாது. கையில வேலை இல்லாட்டியும், போடக் காசு இல்லாட்டியும், முந்தி வங்குரோத்து அடிச்சிருந்தாலும், சரியான அடையாளப் பத்திரம் இருந்தால் வங்கி சாதாரண கணக்கொண்டு திறந்து தரத்தான் வேணும். 2003இல இருந்து அது சட்டம்.

அப்ப எங்க பழுதாகுது? அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள வேற என்னத்துக்குக் கையெழுத்து வைக்கிறம் எண்டதிலதான்.

என்ர கதையைச் சொல்லுறன். 2006இல ஒரு வங்கி ஐபொட் தந்தது. எனக்குப் பாட்டுக் கேக்க நேரம் இல்லை, இரண்டு வேலை. மகளுக்காகப் போனன். பழைய வங்கியில ஏழெட்டு டொலர் மிஞ்சிக் கிடந்தது. காசு இல்லாத கணக்குத் தானாச் சாகும் எண்டு நினைச்சு விட்டிட்டன். ஊரில அப்பாவின்ர மக்கள் வங்கிப் புத்தகம் ஒண்டு இடப்பெயர்வுக்குள்ள எல்லாம் எங்களோட அலைஞ்சது. அதில கிடந்த சொற்பக் காசை ஒருத்தரும் தொடேல்லை. கணக்கெண்டால் அப்பிடித்தான் எண்டு என்ர மண்டையில கிடந்தது.

இங்க அப்பிடி இல்லை. மாதக் கட்டணம் அந்த ஏழெட்டு டொலரைத் திண்டு முடிச்சது. அந்தக் கணக்கோட ஓவர்ட்ராஃப்ட் கிடந்தது. நான் எப்பவோ கையெழுத்து வைச்சிருக்கிறன், என்னெண்டு தெரியாமல். அதால கட்டணம் பூச்சியத்துக்குக் கீழயும் போய்க்கொண்டே இருந்தது, மேல வட்டியும். கடிதம் எல்லாம் பழைய அப்பாட்மென்ட் விலாசத்துக்குப் போயிருக்கு. 2009இல வீட்டுக்கு மோட்கேஜ் கேக்கப் போனால், எதிர்ல இருந்த பெண் திரையைப் பார்த்திட்டு, "உங்கட பேரில ஒரு கலெக்‌ஷன் இருக்கே" எண்டு கேட்டா. 62 டொலர். அண்டைக்கே கட்டினன். கட்டினாலும் அழியாது, 6 வருஷம் வரைக்கும் கோப்பில கிடக்கும் எண்டு சொல்லிச்சினம். அந்த வீடு தவறிப்போச்சு. அதுக்குப் பிறகு அந்தத் தெருவில வீட்டு விலை போன போக்கைப் பற்றி மனிசிக்கு முன்னால நான் கதைக்கிறதில்லை.

அந்த மேசையில பெடியன் "இதையும் சேர்த்துவிடுறன் அங்கிள், சும்மாதான்" எண்டு நீட்டுறது இரண்டு: ஓவர்ட்ராஃப்டும் கிரெடிட் கார்டும். இரண்டும் கடன். கடனுக்கு விண்ணப்பிச்சால் கோப்பில கனமான விசாரணை எண்டு பதியும். புள்ளி கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும். எக்விஃபாக்ஸில அந்தப் பதிவு 3 வருஷம், ட்ரான்ஸ்யூனியனில 6 வருஷம் நிக்கும். ஒண்டெண்டால் பெரிய விசயம் இல்லை. வருஷத்தில நாலு வங்கி ஏறி இறங்கிப்போட்டு அடுத்த மாதம் மோட்கேஜ் கேட்டால், இந்த ஆளுக்குக் காசுத் தட்டுப்பாடோ எண்டு அவன் யோசிப்பான். யோசிக்காமல் என்ன செய்வான்?

வங்கி மாத்துற உற்சாகத்தில பழைய வங்கியின்ர கிரெடிட் கார்டையும் வெட்டி எறியிற ஆக்கள் இருக்கினம். அதுதான் பெரிய விசர்வேலை. வரலாற்றின்ர வயசும் புள்ளியில சேருது. பிறவுண் பேப்பரோட வந்த காலத்தில, 500 டொலர் கட்டுக்காசு வைச்சு வாங்கின முதல் கார்ட் எண்டால் அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில வைக்கலாம். இன்னொண்டு: அகதிக் கோரிக்கையோட வந்தவைக்கு 9இல தொடங்கிற சின் இலக்கம், நிரந்தர வதிவிடம் கிடைச்சால் வேற இலக்கம். அதை வங்கிக்கும் கார்ட் கொம்பனிக்கும் சொல்லவேணும். சொல்லாட்டி வரலாறு இரண்டு துண்டாக் கிடக்கக்கூடும்.

என்ர சிநேகிதர் வங்கி மாத்தாததுக்கு உண்மைக் காரணம் கிரெடிட் இல்லை, எனக்குத் தெரியும். 1991இல இங்கிலிஷ் தெரியாமல் போய் நிண்ட நேரம் சிரிச்ச முகத்தோட கணக்குத் திறந்து தந்த வங்கி அது. அந்த நன்றிக்கு இண்டைக்கும் மாதம் 17 டொலர் கட்டுறார். அந்தக் கிளை மூடுப்பட்டே கன காலம். மாதம் 4 டொலருக்கு மேல போகாத கணக்கு பெரிய வங்கி எல்லாத்திலயும் இருக்கு. கேட்டால்தான் சொல்லுவினம்.

400 டொலரும் சும்மா வாறேல்லை. சம்பளம் அங்க விழவேணும், இரண்டு பில் கட்டவேணும், சொன்ன காலம் வரை கணக்கு உயிரோட இருக்கவேணும். அதுக்கு முதல் மூடினால் திருப்பிப் பிடுங்குவினம். பழையதில இருந்து கார் இன்சூரன்ஸ் போகுதெண்டால் அதை மாத்தி, ஒரு மாதம் பார்த்து, பிறகு நேரில போய் மூடி, மூடினதெண்டு ஒரு கடதாசி வாங்கவேணும். அந்தக் கடதாசி இல்லாமல்தான் நான் 62 டொலருக்கு வீட்டை விட்டனான். வருஷத்துக்கு ஒருக்கா இரண்டு நிறுவனத்திட்டயும் உங்கட கோப்பை இலவசமா எடுத்துப் பாருங்கோ. நீங்கள் பார்த்தால் புள்ளி குறையாது.

இதையெல்லாம் சிநேகிதருக்கு மோல் வாசல்ல நிண்டு முக்கால் மணித்தியாலம் சொன்னன். பையில மீன் வேற உருகிக்கொண்டிருந்தது. எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டிட்டு, மேசைப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்து, "அந்த 400 உடனயோ தருவாங்கள்?" எண்டு கேட்டார்.