பக்திப் பாட்டில் செவ்வாய்க் கிரகமா?

பக்திப் பாட்டு என்றால் அதில் கடவுளின் பெயர் இருக்க வேண்டும். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். பெயர் இல்லாவிட்டால்? அது பக்திப் பாட்டு ஆகுமா?

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவ இசைக் கோஷ்டி. பெயர், 'பிகமிங் தி ஆர்க்கிடைப்'. வாத்தியங்கள் இடி போல் முழங்கும். பாடுகிறவர் சிங்கம் போல் கர்ஜிப்பார். இவர்களுடைய முதல் ஆல்பம் 2005-ல் வந்தது.

2008-ல் 'டைகாட்டமி' என்ற ஆல்பம் வந்தது. சி. எஸ். லூயிஸ் என்ற ஆசிரியர் எழுதிய ஆகாய நாவல்களிலிருந்து அதற்குக் கருத்து எடுத்தார்கள். பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022-ல் வெளியிட்ட ஆல்பமோ விஞ்ஞானக் கற்பனைக் கதை!

"என் பையன் கேட்கும் பாட்டில் இயேசுநாதர் எங்கே?" என்று ஒரு தாய் கேட்கலாம். அதை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

யார் இந்த லூயிஸ்?

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஆசிரியர். வாலிபத்தில் தெய்வ நம்பிக்கையை இழந்தவர். ஆனால் வடதேசத்துப் புராணக் கதைகள் என்றால் அவருக்கு உயிர்.

1931-ல் ஒரு நாள் இரவு. டோல்கீனும் இன்னொரு நண்பரும் அவருடன் உலாவிக்கொண்டே பேசினார்கள். புராணங்களில் உண்மையின் சாயல் உண்டு. கிறிஸ்துவின் கதை உண்மையாகவே நடந்த புராணம் என்பது அவர்கள் வாதம். சில நாட்களில் லூயிஸ் கிறிஸ்தவரானார். புராண ஆசையே அவரைத் தேவாலயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது!

பிறகு அவரே கதை எழுதினார். 1938-ல் வந்த நாவலில், ரான்சம் என்பவரைச் செவ்வாய்க் கிரகத்துக்குக் கடத்திப் போகிறார்கள். 1943-ல் வந்த நாவலில் அவர் சுக்கிரனுக்குப் போகிறார். அங்கே முதல் பெண்ணைத் தீயசக்தி மயக்கப் பார்க்கிறது. ரான்சம் தடுக்கிறார். ஏவாளின் கதைதான், இடம் மட்டும் வேறு. மூன்றாவது நாவல் 1945-ல் வந்தது.

'ரான்சம்' என்றால் மீட்கும் பொருள். கிறிஸ்துவைக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 'டைகாட்டமி'யிலும் ஒரு பாட்டுக்கு அதுவே பெயர்.

புரிந்தவர் இருவர்!

இதில் அபாயமே இல்லையா? உண்டு. முதல் நாவலுக்குச் சுமார் 60 மதிப்புரைகள் வந்தன. உள்ளே இருப்பது வேதக் கருத்து என்று கண்டுகொண்டவர்கள் இரண்டே பேர்! இதை லூயிஸே 1939-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். படித்தவர்கள் கதியே இப்படி என்றால், பாட்டுக் கேட்கும் பையன் என்ன செய்வான்? தாயின் கவலை நியாயமானதே.

ஆனால் இந்தக் கோஷ்டி பழசை மறந்துவிடவில்லை. ஸ்வீடன் கவி கார்ல் போபெர்க் 1885-ல் இயற்றிய கவிதையிலிருந்து பிறந்த, உலகெங்கும் தேவாலயங்களில் பாடும் துதிப் பாட்டும் அதே ஆல்பத்தில் இருக்கிறது.

மேலும், கதை சொல்லிப் போதிப்பது புதிய வழியும் அல்ல. விதைக்கிறவன் கதையை இயேசுநாதரே சொன்னார். கூட இருந்த சீடர்களுக்கே விளங்கவில்லை. அர்த்தம் கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை, உட்கார்த்தி விளக்கினார்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் அதுதான். பாட்டை நிறுத்த வேண்டாம். பையன் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன கதையப்பா?" என்று கேளுங்கள். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொல்லட்டும். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள்.

கதை கெடுக்காது. கதைக்கு அர்த்தம் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போவதுதான் கெடுக்கும்!