யார் பட்டியலில் இருந்தாள் அவள்?

தாய்மரணத் தணிக்கைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

என் தங்கை மகளின் சாவு பற்றி மனு கொடுத்தேன். குறைதீர்க்கும் நாளில் நேரிலும் வந்து நின்றேன். "தகுந்த நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று அதில் இல்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன். உங்கள் பெயரையும் பதவியையும் குறிப்பிடவில்லை. ஆள் மாறினாலும் பதில் மாறாத நாற்காலி அது. விதிகளையும் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு மனப்பாடம்.

அவளுக்கு 19 வயது. தலைப்பிரசவம். மானாவாரியையும் கரிமூட்டத்தையும் நம்பிக் காளையார்கோவில் பக்கம் குடும்பம் நடத்த முடியாது என்று, கல்யாணமான கையோடு திருப்பூர் போனார்கள். மாப்பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். கர்ப்பத்தை அங்கேதான் பதிந்தார்கள். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து, எல்லாப் பெண்களையும்போல அம்மா வீட்டுக்கு வந்தாள்.

அவளுடைய தாய்-சேய் அட்டை என் பீரோவில் இருக்கிறது. ஆறாம் மாதக் கட்டத்தில் ஹீமோகுளோபின் 7.8 என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. பக்கத்தில் 'இரும்பு ஊசி' என்று குறிப்பு. யாரோ ஒரு நர்ஸம்மா கவலைப்பட்டுப் போட்ட வட்டம். அவருக்கு என் நன்றி. அதற்கப்புறம் அட்டையில் ஒரு எழுத்துகூட இல்லை. இங்கே கொண்டுபோய்க் காட்டினால், "இது திருப்பூர் கேஸ், எங்க லிஸ்டுல வராதும்மா" என்றார்கள். மறுபடி போனபோது, "சத்து மாத்திரை போடச் சொல்லுங்க." திருப்பூருக்குப் போன் போட்டால், "அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு எழுதியாச்சே" என்று பதில்.

வலி கண்ட ராத்திரி வீட்டில் ஆம்பளை இல்லை. மாப்பிள்ளையைக் கேட்காமல் கிளம்பத் தயங்கி என் தங்கை ஒரு மணி நேரம் போனடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். பிறகுதான் 108. பிள்ளை சுகமாகப் பிறந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. உடம்பில் ரத்தம் உள்ளவள் தாங்கிக்கொள்ளும் போக்கை ரத்தசோகைக்காரி தாங்கமாட்டாள் என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மதுரை-தொண்டி சாலையில், வண்டியிலேயே போய்விட்டாள்.

உங்கள் கூட்டம் இதை எப்படி முடித்தது? மருத்துவக் காரணம்: பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. சமூகக் காரணம்: குடும்பத்தினரின் விழிப்புணர்வின்மை, தாமதம். என் தங்கையின் ஒரு மணி நேரம் தாளில் ஏறிவிட்டது. உங்கள் துறை ஊசி போடாமல் விட்ட மூன்று மாதத்துக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனோம். திருப்பூரில் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கேட்டார்கள். கணினியில் தட்டினார்கள். அவள் பெயர், வயது, புருஷன் பெயர் எல்லாம் வந்து நின்றது. சான்றிதழ் அச்சாகிக் கைக்கு வந்தது. காகிதத்துக்கு மாநிலம் முழுக்கச் செல்லும் எண், ஒரு ஊசிக்கு மட்டும் ஏன் ஐயா செல்லவில்லை?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நேற்று வந்த வழக்கமா? உங்கள் வீட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கும்? ஏழாம் மாசத்துக்குமேல் பெண் எங்கே இருப்பாள் என்பது வளையல்காரருக்குத் தெரிகிறது, துறைக்குத் தெரியவில்லை. பிழைக்கப் போன பெண்களுக்கு இந்தக் கதி. பதினெட்டுக்குக் கீழே கட்டிக்கொடுத்த பெண் என்றால் போலீஸுக்குப் பயந்து பதியவே வரமாட்டார்கள்; அதையும் விழிப்புணர்வின்மைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

புள்ளிவிவரம் காட்டுவீர்கள், தெரியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். பெருமைதான். அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த வரியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. 2018-20 கணக்கில் லட்சம் பிறப்புக்குத் தாய்மரணம் நாட்டில் 97, இங்கே 54 என்று மார்தட்டும்போது மேற்கேயும் எட்டிப்பாருங்கள்: கேரளத்தில் 19. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1926-லேயே களுத்துறையில் தொடங்கி, மருத்துவிச்சிக்கு ஒரு பகுதியைக் கொடுத்து வீடு தேடிப் போகவைத்தார்கள். நாமோ வீடு தேடி வந்தவளை லிஸ்டில் தேடிக்கொண்டிருந்தோம்.

விழா மேடையில் வேலு நாச்சியார் ஆண்ட சிவகங்கைச் சீமை என்று முழங்குகிறீர்களே. 1772-ல் இதே காளையார்கோவிலில் புருஷனைப் பறிகொடுத்து, பெண்பிள்ளையோடு விருப்பாச்சிக்குப் போன நாச்சியாரை "இது சிவகங்கை கேஸ்" என்று அங்கே யாரும் திருப்பி அனுப்பவில்லை.

விழிப்புணர்வு இல்லாமலா என் தங்கை அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்? அந்த வரியை அடியுங்கள். திருப்பூரிலிருந்து இங்கே ஒரு போன்கூட ஏன் வரவில்லை என்று அந்த இடத்தில் எழுதுங்கள். எழுத மனம் வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு என் தங்கையைக் கூப்பிட்டு, நீ விவரம் கெட்டவள் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அட்டையோடு வருவோம். நகல் மட்டும் கேட்காதீர்கள்; மனுவோடு வைத்த நகல் உங்கள் அலுவலகத்தில்தான் எங்கேயோ கிடக்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய பெரியம்மா,
காளையார்கோவில்.