சீஸுக்கு 30, பட்டு நூலுக்கு 15

போன மாசம் பிராஜெக்ட் வேலையா சென்னை போனப்போ ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்விட்சர்லாந்தின் க்ரூயேர் சீஸைப் பார்த்தோம். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். விலையைப் பார்த்துட்டு எடுத்த இடத்திலேயே வெச்சுட்டோம். "இந்த டேரிஃபை எடுத்துட்டா நாமளும் வாங்கலாம்டா" என்றான் நண்பன். வாலாஜாபாத்தில் எங்க வீட்டில் ரெண்டு மாடு நிக்குது. அதனால எனக்கு உடனே ஆமாம்னு சொல்ல வாய் வரல.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1,000 ரூபாய் சீஸ் துறைமுகத்தில் இறங்கினா, இறக்குமதி வரி பொதுவா 30 சதவீதம். அந்த வரி மேல 10 சதவீதம் கூடுதல் வரி. ஆக 330 ரூபாய். அதுக்கப்புறம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் அது 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சும், மொத்தம் ஏறத்தாழ 1,400 ஆயிடுது. கடைக்காரர் லாபம், குளிர்பதனச் செலவெல்லாம் இனிமேதான். வெண்ணெய்க்கு 40, பால் பவுடருக்கு 60 சதவீதம்.

இவ்வளவு பெரிய சுவர் எதுக்கு? உலகத்திலேயே அதிகமா பால் கறக்கிற நாடு நாமதான். 2023-24-ல் சுமார் 239 மில்லியன் டன். ஆனா கறக்கிறவங்க பெரும்பாலும் ரெண்டு மாடு, மூணு மாடு வெச்சிருக்கிறவங்க. நியூசிலாந்து தன் பாலில் ஏறக்குறைய 95 சதவீதத்தை ஏற்றுமதி பண்ணுது. அந்தப் பவுடர் வரியில்லாம இங்க கொட்டினா சொசைட்டியில் பால் விலை நிக்காது. 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகினதுக்கு இந்தப் பயமும் ஒரு பெரிய காரணம். 2025-ல் பிரிட்டனோட போட்ட ஒப்பந்தத்திலும் பாலும் சீஸும் வெளியேதான் நின்னுச்சு. நியூசிலாந்தோட பேசி முடிச்சப்பவும் அப்படித்தான். அந்த நாட்டு வெளியுறவு அமைச்சரே அதைச் சொல்லித்தான் ஒப்பந்தத்தை எதிர்த்தார்.

இதுவரைக்கும் நான் அம்மா கட்சி. ஆனா எங்க மாமா வீட்டில் தறி ஓடுது. 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கும் பட்டு நூலுக்கும் இறக்குமதி வரியை 10-லிருந்து 15 சதவீதமா ஏத்தினாங்க. கர்நாடகாவிலும் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரியிலும் பட்டுப்புழு வளர்க்கிறவங்களுக்கு அது நல்லது. சேலை நெய்யிற ஊருக்கு அது செலவு. சுவர் ஒண்ணுதான்; ஒரே குடும்பத்தில் அம்மா உள்ளே, மாமா வெளியே.

அதனால எல்லா வரியும் நல்லது, எல்லா வரியும் கெட்டதுன்னு பேசுறதே எனக்குப் பிடிக்கல. எந்தப் பொருள்னு பார்க்கணும். பால் பவுடர், வெண்ணெய், பீட்சாவுக்குப் போடுற மொசரெல்லா இதெல்லாம் நம்ம பாலோட நேரடியா மோதும். அங்க சுவர் இருக்கட்டும். க்ரூயேரும் ரோக்ஃபோரும் எங்க வீட்டுப் பாலோட மோதாது. பிரான்ஸில் குறிப்பிட்ட குகைகளில் பழுக்க வெச்சாத்தான் அது ரோக்ஃபோர். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் வாங்கின புவிசார் குறியீடும் இதே யோசனைதான்.

இங்கதான் பேரம் பேசலாம். அந்த மாதிரி சீஸுக்கு மட்டும் வருஷத்துக்கு இத்தனை டன்னுன்னு குறைஞ்ச வரியில் விடுங்க. பதிலுக்கு, விசைத்தறியில் நெய்ததைக் காஞ்சிப் பட்டுன்னு உங்க ஊர்க் கடையில் விக்கக் கூடாதுன்னு கேளுங்க. சீஸ் பேருக்காக அமெரிக்க கோர்ட் வரைக்கும் போய், க்ரூயேர் பொதுப் பேருதான்னு 2023-ல் தோத்தவங்களுக்கு, பேரோட அருமை புரியாமலா இருக்கும்?

சாயங்காலம் பால் கறந்துட்டிருந்த அம்மாகிட்ட இதைச் சொன்னேன். கை நிக்காமலே கேட்டாங்க: "அந்த இத்தனை டன்ன யாருடா எழுதுவா?"

டெல்லியில் எழுதுவாங்கன்னேன். "அப்ப சொசைட்டியில வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதச் சொல்லு"ன்னு சொல்லிட்டு, கேனைத் தூக்கி என் வண்டியில வெச்சாங்க.